வரைபடத்தில் வந்த கிணறு

நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்திலிருந்து போன மாதம் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் என் மகள் வயதுகூட இருக்காது. கையில் ஆளுக்கொரு டேப்லெட்.

"சார், இப்பல்லாம் பேப்பரே கெடையாது. வாசல்ல நின்னு ஃபார்மை ஓப்பன் பண்ணாலே லொகேஷன் தானா ஏறிடும்" என்று அந்தப் பெண் திரையைக் காட்டினாள். ஐயம்பேட்டையில் என் வீடு ஒரு நீலப் புள்ளியாக மின்னியது. விரலால் பெரிதாக்கினால் கொல்லையில் நிற்கும் தென்னை வரைக்கும் தெரிந்தது. காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் வந்தது ஒரு கட்டுரை கேட்டு. நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு, ஆராய்ச்சி எப்படி அரசாங்கத்தின் கொள்கையாக மாறியது என்று ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம். முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவனிடம் வெற்றிக் கதை இல்லாமலா போகும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் அறிக்கைகளில் இரண்டைத்தான் மேலே இருப்பவர்கள் உண்மையாகப் படித்தார்கள். இரண்டும் ஒரே சந்து பற்றியவை. அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் எந்தச் சந்து என்று எழுத மாட்டேன். ருக்குமணி என்று நான் எழுதப்போகிற அம்மாவின் பெயர் ருக்குமணி அல்ல.

பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனைத் தினக்கூலிக்குக் கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள். பதினைந்து நாள் பயிற்சி. நாய் கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அதில் சொன்ன எதுவும் நினைவில்லை. தொழிலைக் கற்றது தெருவில்தான்.

ஒரு தெருவுக்குள் போனால் வடமேற்கு மூலையில் ஆரம்பிக்க வேண்டும். வலது கை எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். அப்படி நடந்தால் எந்த வீடும் விட்டுப்போகாது. வாசலுக்கு வாசல் சாக்பீஸால் ஒரு வரிசை எண். பிறகு ஒரு தாளில் தெருவையே வரைய வேண்டும்: வீடு, குழாய், மரம், கோயில், முட்டுச்சந்து. மறுபடி போகிறவன் யாரையும் விசாரிக்காமல் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகத்தான் படம். வேலை முடிந்ததும் படம் பூட்டிய அலமாரிக்குப் போய்விடும். வெளியே போகக் கூடாது. என் படங்களுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். தாமோதரன் போட்ட படத்தைக் கண் தெரியாதவன் கையில் கொடுத்தாலும் வீடு போய்ச் சேருவான் என்பார்கள். அந்தப் பாராட்டை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கேள்விகளுக்கும் ஒரு முறை உண்டு. கூச்சமில்லாதது முதலில், வலிப்பது கடைசியில். அவர்கள் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது. 'பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா' என்று கேட்கலாம். 'போகுது இல்ல?' என்று கேட்டால் தொலைந்தது, ஊரில் இருக்கிற பிள்ளை எல்லாம் பள்ளிக்கூடம் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால், படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, ஒரு வாக்கு கொடுக்க வேண்டும்: "நீங்க சொல்றது ஆராய்ச்சிக்கு மட்டும்தாங்க. உங்க பேரு எங்கேயும் வராது." எத்தனை ஆயிரம் வாசலில் சொல்லியிருப்பேனோ தெரியாது. சாமி கும்பிடும்போது சொல்கிற மாதிரி வாய் தானாகச் சொல்லும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் வசுமதி மேடம். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். வீட்டில் எல்லோரும் வேதமும் வியாகரணமும் படித்திருக்க, இவர் மட்டும் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒவ்வொரு படிவத்தையும் பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்து கடைசி வரி வரை படிப்பார். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போதுகூட இடது கை பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "தாமோதரன், இது அவா சொன்னதா, நீங்க சொன்னதா?"

பொய்ப் படிவத்தை அவர் மோப்பம் பிடிப்பதே தனி வித்தை. எல்லோருடைய வயதும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியது. அதைவிட முக்கியமானது கையெழுத்து. வாசலில் நின்று, தொடையில் அட்டையை வைத்து, ஆள் பேசப் பேச எழுதினால் எழுத்து கோணத்தான் செய்யும். அழகாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. "இவ்வளவு முத்து முத்தா எழுத உங்களுக்கு எங்கே நேரம் கிடைச்சுது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். புதிதாகச் சேர்ந்த ஒருவன் இதைக் கேட்டே வேலையை விட்டுப் போனான்.

அவருக்கு ஒரே ஒரு குறை. அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை. சென்னைக்கு அனுப்புவோம், தங்கள் அறிக்கை கிடைக்கப்பெற்றது என்று ஒரு கடிதம் வரும், அந்தக் கடிதங்களுக்கென்றே ஒரு கோப்பு வைத்திருந்தார். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எங்கள் அறிக்கை, காகிதம் பறக்காமலிருக்கக் கோப்புகளின் மேல் பாரமாக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். "போகட்டும், எதையோ தாங்கிண்டிருக்கு" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் தயிர்சாதம் சாப்பிடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சாய ஆய்வு வந்தது. நீடித்த வளர்ச்சி என்ற சொல் அப்போதுதான் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்திருந்தது. அதற்கு என்ன மேடம் அர்த்தம் என்று கேட்டேன். "பேரன் குடிக்கப் போற தண்ணியைப் பாட்டன் கெடுக்காம பொழைக்கறது. அவ்வளவுதான்" என்றார். பட்டு நூலுக்கு வீட்டுக் கொல்லையிலேயே சாயம் போடும் குடும்பங்கள் அந்தத் தண்ணீரை எங்கே விடுகின்றன, அவர்கள் அதை நிறுத்த வேண்டுமென்றால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதுதான் ஆய்வு.

நெசவுத் தெருக்களில் அமாவாசையன்று தறி ஓடாது. அதனால் எங்களுக்கு அன்றுதான் வேலை. ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தச் சந்திலும் ஓர் அமாவாசையன்றுதான் நுழைந்தேன். சாயத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "சாக்கடையிலதாங்க." அந்தச் சந்தில் சாக்கடை பாதியிலேயே நின்றுவிடும் என்பது அதைத் தாண்டி நடந்த எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னதைத்தான் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே போனேன்.

ருக்குமணி அக்கா வீட்டில் மட்டும் அன்றைக்கும் அடுப்பு எரிந்தது. மறுநாள் ஒரு முகூர்த்தப் புடவைக்கு நூல் போக வேண்டியிருந்தது. கணவர் இறந்த பிறகு சாயக் கொப்பரையைத் தானே எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை அரக்குச் சாயம். நான் வழக்கமான வாக்கைக் கொடுத்தேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். தண்ணீர்க் கேள்வி வந்தபோது நூல் புரட்டும் கோலைக் கீழே வைத்தார்.

"பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது தம்பி. பின்னாடி வா, காட்டறேன்."

கொல்லையில் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு. பாதி தூர்ந்துபோயிருந்தது. உள்ளே சுவரெல்லாம் நிறம் நிறமாகப் படிந்திருந்தது.

"எம்மாமனார் காலத்துலேர்ந்து இதுலதான் ஊத்திக்கினு இருக்கோம். மழை பேஞ்சா தெருக் கொழாயில கலர் வருது. அந்தத் தண்ணியத்தான் எம்பொண்ணும் குடிக்குது, எதிர்வூட்டுப் பசங்களும் குடிக்குதுங்க. தெரிஞ்சேதான் ஊத்தறேன். வேற எங்க போயி ஊத்தறதுன்னு நீயே சொல்லு."

கடைசிக் கேள்வி, அரசாங்கம் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது. பெரும்பாலும் கடன் என்பார்கள், வீடு என்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு எடம் கட்டித் தரட்டும்பா. சாயத் தண்ணி போறதுக்கு ஒரு வழி, அத்த சுத்தம் பண்றதுக்கு ஒரு தொட்டி. நாங்க நூலை எடுத்துக்கினு போயி நனைச்சிக்கினு வந்துடறோம். அப்பறம் இந்தக் கெணத்த மூடிட்டு மேல துளசி வெச்சிடறேன்."

நான் படம் வரைந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "கெணறு அந்தாண்ட இல்லப்பா, இந்தாண்ட" என்று ஈரக் கையால் தாளைத் தொட்டுக் காட்டினார். வேப்பமரத்துப் பக்கத்தில் அரக்கு நிறத்தில் ஒரு விரல் பதிந்துவிட்டது. ஐயோ, தாளைக் கெடுத்துட்டேனே என்றார். பரவாயில்லை அக்கா, இப்ப சரியாயிடுச்சு என்றேன்.

அவர் காட்டிவிட்டார் என்று தெரிந்ததும் இன்னும் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுத் தங்கள் குழிகளையும் காட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரை சாக்கடை என்றே சாதித்தார். அவர் வீட்டுக் கொப்பரை ருக்குமணி அக்காவுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது.

மேடம் ருக்குமணி அக்காவின் படிவத்தை இரண்டு முறை படித்தார். கடைசிப் பதிலின் கீழே பச்சைக் கோடு போட்டார். "இதுதான் நம்மோட ஆறாவது அத்தியாயம்" என்றார். அப்படியேதான் எழுதினார்: முதலில் பொதுச் சாயக்கூடம், அதற்குப் பிறகே வீட்டுச் சாயத்துக்குத் தடை. வரிசை மாறக் கூடாது என்று தனியாக ஒரு பத்தி.

இந்த முறை அதிசயமாகச் சென்னையிலிருந்து போன் வந்தது. ஒரு பெரிய அதிகாரி நேரில் பேச நேரம் கொடுத்திருந்தார். "எந்த இடம்னு படத்தோட காட்டினா உடனே நடவடிக்கை எடுக்கலாம்னு சொல்றார்" என்று மேடம் என் மேஜைக்கே வந்தார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "தெரு அளவுக்குப் போதும், தாமோதரன். வீடு வேண்டாம்."

புதிதாக வரைய நேரமில்லை. பூட்டிய அலமாரியிலிருந்து கள வரைபடத்தையே எடுத்து அதன் மேல் மை போட்டேன். வீடுகளை விட்டுவிட்டால் படம் பல் போன வாய் மாதிரி இருந்தது. நம் வேலையை முதல் முறையாக ஒருத்தர் பார்க்கப் போகிறார், அரைகுறையாகவா கொடுப்பது என்று தோன்றியது. எல்லா வீட்டையும் போட்டேன். குழியும் கிணறும் இருப்பதாகச் சொன்ன வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். மேடம் அதை வெகுநேரம் பார்த்தார். பச்சைப் பேனாவின் மூடி கழன்றிருந்தது.

"பேர் எதுவும் இல்லையே?"

"இல்ல மேடம்."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சந்திப்பு. ஒரு புள்ளியையும் அடிக்காமல் மூடியைப் போட்டுவிட்டார். எங்கள் இருவரைப் பற்றியும் யாராவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்த மூடியைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

சில மாதம் கழித்து நான் முசரவாக்கத்தில் வேறு கணக்கெடுப்பில் இருந்தேன். கூட வேலை செய்த ஒருவர் வந்து, அந்தச் சந்தில் அரசாங்க ஜீப் நிற்கிறது என்றார். பஸ் பிடித்து ஓடினேன். நான் போனபோது இரண்டு வீடுகளில் வேலை முடிந்து, இடித்த அடுப்புக் கல் வாசலில் கிடந்தது. கொப்பரைகளை ஜீப்புக்குப் பின்னால் நின்ற வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நடந்துகொண்டிருந்தவர் கையில் ஒரு ஜெராக்ஸ். "குழாய்... அடுத்தது மூணாவது வாசல்... பின்னாடி வேப்பமரம், அதுக்குப் பின்னாடி கெணறு. இதான் சார்" என்று படித்துக்கொண்டே ருக்குமணி அக்கா வீட்டுக்குள் போனார். யாரையும் அவர் விசாரிக்கவே இல்லை. எதிர்வீட்டில் கொப்பரை ஆவி கொல்லையைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்குப் புள்ளி இல்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா அழவில்லை. அந்த ஆளின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸில் அக்காவின் விரல்தடம் கறுப்பாக விழுந்திருந்தது. பிறகு கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீதானே தம்பி எழுதிக்கினு போனே. பேரு வராதுன்னு சொன்னியே."

அப்போது நான் சொன்னதை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. "பேரு வரலியேக்கா" என்றேன்.

"பேரு எதுக்குப்பா" என்றார். "கெணறே வந்துடுச்சே."

மேடம் அடுத்த வாரமே சென்னைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எங்களை உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார். "நாங்க எதையும் படிக்கறதில்லன்னு நீங்கதான் குறை சொல்லுவீங்க. இதைப் படிச்சோம், செஞ்சோம். தண்ணி கெட்டுப்போறது உண்மைதானே மேடம்?" என்றார். உண்மைதான் என்றார் மேடம். "அப்போ ஆறாவது அத்தியாயம்?" என்று கேட்டார். நிதி வந்ததும் பார்க்கலாம் என்றார் அவர். அவ்வளவு பெரிய அறிக்கையில் அவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போனது ஒரே ஒரு தாள். அது என் தாள்.

திரும்பி வந்து காஞ்சிபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மேடம், "உண்மையைச் சொன்னவாளை மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுத்திருக்கோம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மேடம் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே சந்து மறுபடி எங்கள் கைக்கு வந்தது. நிதி வந்திருந்தது. பொதுச் சாயக்கூடம் கட்டலாமா, எத்தனை குடும்பங்கள் அதற்கு வரும் என்று தெரிய வேண்டுமாம். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அந்தத் தெரு உங்களுக்குத்தானே தெரியும் என்றார் மேடம்.

அமாவாசைதான். வலது கை சுவர்ப் பக்கம். சாக்பீஸால் எண் போட்டதும் பின்னாலேயே ஓர் அம்மா ஈரத்துணியால் அழித்துக்கொண்டே வந்தார். இது உங்களுக்கு இடம் கட்டித் தருவதற்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "போன தபாவும் நல்லதுக்குன்னுதாம்பா சொன்னே" என்றார் ஒரு பெரியவர். எனக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. கட்டிடம் வருமோ வராதோ, ஜீப் வந்துவிடும் என்றுதான் மனசு சொல்லிற்று.

எதிர்வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால், கொல்லையிலிருந்து நூல் கட்டோடு வந்த ருக்குமணி அக்கா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கொப்பரை போன பிறகு அந்த வீட்டில்தான் கூலிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுபோயிருந்தது. நூல் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் பார்ப்பதற்கு முன்பே மறைத்திருக்கலாம். பார்த்துவிட்டேன். பச்சை.

படிவத்தில் இருந்த கேள்வி, இந்த வீட்டில் யாராவது சாயத் தொழில் செய்கிறார்களா என்பது. நான் கேட்டது வேறு.

"இங்க யாரும் சாயம் போடறதில்ல, இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றார் வீட்டுக்காரர். மீதி எல்லா வீட்டிலும் அப்படியே கேட்டேன். அப்படியே பதில் வந்தது. இந்த முறை யாரும் என்னால் கெட்டுப்போகப் போவதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. இதை எழுதும்போதுதான் அந்த நிம்மதி எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மேடம் படிவங்களை வழக்கம்போல வரிசையாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் இல்லை, இல்லை, இல்லை. அவசரமாக எழுத எதுவும் இருக்கவில்லை. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்து ரொம்ப நன்னா இருக்கு, தாமோதரன்."

அவா சொன்னதா, நீங்க சொன்னதா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கட்டி வைத்தார்.

அந்த அறிக்கையையும் படித்தார்கள். வீட்டுச் சாயத் தொழில் அந்தப் பகுதியில் முற்றிலும் நின்றுவிட்டது; முந்தைய நடவடிக்கை நல்ல பலனைத் தந்திருக்கிறது; எனவே பொதுச் சாயக்கூடத்துக்குத் தேவை எழவில்லை. நிதி வேறு எங்கோ போயிற்று. அந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற வெற்றிக் கதை காகிதத்தில் இருக்கத்தான் செய்கிறது.

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு மழைநாளில் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. சந்து முனைக் குழாயில் ருக்குமணி அக்கா குடம் பிடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குடத்துக்குள் விழுந்த தண்ணீரில் இலேசாக நிறம் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், உறவுக்காரரை விசாரிப்பது போலக் கேட்டார்.

"ஏம் தம்பி, எல்லாருக்கும் பொதுவா ஒரு எடம் கட்டறாங்கன்னியே. அது இன்னா ஆச்சி?"

இவ்வளவு வருடம் கழித்தாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"வரலக்கா. சாயம் போடறவங்க யாருமே இங்க இல்லன்னு கணக்குல வந்துடுச்சி. நான்தான் எழுதினேன்."

அவர் குழாயை நிறுத்தினார். இந்த முறை மறைக்கவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் அரக்கும் பச்சையும் ஊறிக் கறுத்துப்போயிருந்தன.

"அப்போ இது யாரு கைப்பா?" என்று கேட்டார்.

பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.